ரேடியோ நெல்லுக்கு முன்னும் பின்னும்

1864ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் வில்லியம் டெனிசன். உழவைத் திருத்தப் போகிறோம் என்ற உற்சாகத்தில் அவருடைய அரசு இங்கிலாந்திலிருந்து கருவிகளைத் தருவித்தது. நீராவிக் கலப்பை, விதைக்கும் எந்திரம், குதிரை பூட்டும் களைக்கருவி, கதிரடிக்கும் எந்திரம், தூற்றும் எந்திரம், தட்டை நறுக்கும் எந்திரம், நீரிறைக்கும் சாதனங்கள், மூட்டை மூட்டையாகச் செயற்கை உரம் எல்லாம் கப்பலேறி வந்தன. இவற்றை வைத்துச் சாகுபடி செய்து காட்டச் சைதாப்பேட்டையில் சுமார் 350 ஏக்கரில் ஒரு மாதிரிப் பண்ணை 1865இல் தொடங்கியது. குடியானவர்கள் வந்து பார்ப்பார்கள், வியப்பார்கள், ஊருக்குத் திரும்பியதும் அதேபோலச் செய்வார்கள் என்று நம்பினார்கள்.

குடியானவர்கள் வரவில்லை. வந்த சிலரும் பின்பற்றவில்லை. பின்பற்றாததற்குக் காரணம் பிடிவாதம் என்று அன்றைய அதிகாரிகள் பலர் எழுதிவைத்தார்கள். ஆனால் அந்தக் குடியானவரின் இடத்தில் நின்று கணக்குப் போட்டால் விஷயம் எளிதில் விளங்கும். அவரிடம் இருந்தது ஒரு ஜோடி மாடு, இரண்டு மூன்று ஏக்கர், அதுவும் வரப்புகளால் துண்டுபட்ட நிலம். நீராவிக் கலப்பை திரும்புவதற்கே அந்த வயல் போதாது. ஆழ உழுதால் ஈரம் போய்விடும் என்ற அச்சம் மானாவாரிக்காரருக்கு இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. பழுதானால் யாரிடம் போவது? விலை யார் கொடுப்பது? சைதாப்பேட்டைப் பண்ணை இந்தக் கேள்விகளைக் கேட்டுத் தொடங்கப்பட்டதல்ல. அதன் பாடத்திட்டம் மாணவரைப் பார்க்காமலேயே எழுதப்பட்டது.

பண்ணையோடு ஒரு வேளாண்மைப் பள்ளியும் சைதாப்பேட்டையில் உருவாயிற்று. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் வரலாற்றை 1868இல் தோன்றிய அந்தப் பள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது. பண்ணையை நெடுங்காலம் நடத்திய டபிள்யூ. ஆர். ராபர்ட்சன் அக்கறையுள்ள மனிதர். எந்திரங்களின் மேலிருந்த மோகத்தைக் குறைத்துக் கற்பித்தலில் கவனம் செலுத்தினார். ஆனால் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. அங்கே படித்து வெளியேறியவர்களில் பெரும்பாலோர் ஏர் பிடிக்கத் திரும்பவில்லை, அரசு உத்தியோகத்தை நாடினார்கள். ஏர் பிடித்தவருக்கோ அந்தப் பள்ளியின் வாசல் எட்டவில்லை. உழவுக் கல்வி என்ற பெயரில் உழவரைத் தவிர மற்றவர்களுக்குக் கற்பிக்கும் இந்தப் பழக்கம் அடுத்த நூறு ஆண்டுகளிலும் அடிக்கடி தலைகாட்டியது.

இதற்கிடையே தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அதைத் தொடர்ந்து அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் தந்த பரிந்துரைகளின் விளைவாக மாகாணந்தோறும் வேளாண்மைத் துறைகள் வந்தன. சென்னையில் 1882இல் துறை உருவானது. தொடக்கத்தில் அதன் வேலை பெரிதும் புள்ளிவிவரம் சேர்ப்பதாகவே இருந்தது.

பார்வையை மாற்றியவர்களில் ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்த வேதியியலாளர். ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், அரச வேளாண்மைக் கழகத்தின் ஆலோசகர். 1889 இறுதியில் இந்தியா வந்து ஓராண்டுக்கும் மேலாக நாடு முழுவதும் சுற்றினார். இந்திய உழவருக்குக் கற்பிக்க வழி சொல்லுங்கள் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. 1893இல் வெளியான அவருடைய அறிக்கை அரசு எதிர்பார்க்காத முடிவைச் சொன்னது. இந்திய ரயத்து சராசரி ஆங்கில விவசாயிக்கு எந்த வகையிலும் குறைந்தவரல்லர், சில வகைகளில் மேலானவர் என்று அவர் எழுதினார். களையில்லாமல் நிலம் வைத்திருப்பது, நீரேற்றும் உத்தி, மண்ணின் குணமறிதல், விதைக்கவும் அறுக்கவும் நாள் அறிதல் என்று தான் கண்டவற்றை அடுக்கினார். குறை அறிவில் இல்லை, வசதியில் இருக்கிறது என்பது அவர் வாதம். சாணத்தை எருவாக்காமல் எரிக்கிறார்களே என்று குறை சொல்பவர்கள் முதலில் விறகுக்கு வழி செய்யட்டும் என்ற பொருளில் எரிபொருளுக்கும் தீவனத்துக்கும் காப்பு வனங்கள் வேண்டும் என்றார்.

வோல்க்கர் சொன்னதற்குக் கண்ணெதிர்ச் சான்று கொங்கு நாட்டில் இருந்தது. காங்கயம் பகுதியில் மழை குறைவு, மண்ணும் வறண்டது. அங்கே குடியானவர்கள் கொறங்காடு என்ற மேய்ச்சல் நில முறையை வளர்த்திருந்தார்கள். கொழுக்கட்டைப் புல், நடுவே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. நிலத்தைப் பட்டிகளாகப் பிரித்து, ஒரு பட்டியில் புல் தேறும்வரை அடுத்த பட்டியில் மேய்ப்பார்கள். காங்கயம் மாட்டின் உரம் பொலிகாளையின் வம்சத்தில் இருந்ததுபோலவே இந்தப் புல்லிலும் இருந்தது. பாளையக்கோட்டைப் பட்டக்காரர்கள் தங்கள் மந்தையைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். ஒசூர் கால்நடைப் பண்ணையோடு தொடர்புடைய அதிகாரி ஆர். டபிள்யூ. லிட்டில்வுட் 1936இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் காங்கயத்துக்கு முக்கிய இடம் உண்டு. அதிகாரி எழுத, குடியானவர் சொல்லிக் கொடுத்த நூல் என்றே அதன் அப்பகுதியைச் சொல்லலாம்.

ஒசூர்ப் பண்ணையும் பழமையானது. 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம் அது. குதிரையிலிருந்து மாட்டுக்கும், படையிலிருந்து குடிக்கும் அதன் கவனம் திரும்ப நூறாண்டு ஆயிற்று.

வேளாண்மைக் கல்வி 1906இல் சைதாப்பேட்டையை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போனது. இடம் மட்டும் மாறவில்லை. கோவையில் கறுப்பு மண்ணும் செம்மண்ணும், கிணற்றுப் பாசனமும் வாய்க்கால் பாசனமும், பருத்தியும் கரும்பும் நெல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆராய்ச்சியாளர் ஒரு மணி நேரம் நடந்தால் நான்கு விதமான உழவைப் பார்க்கலாம். 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் அங்கே சாகுபடிக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். அதனால் முதலில் பலன் கண்டவர்கள் பஞ்சாப் உழவர்கள். அதே காலத்தில் நெல் இனப்பெருக்க நிலையமும் எழுந்தது. எஃப். ஆர். பார்னெல் முதல் நெல் வல்லுநர். 1921இல் வெளியான ஜிஇபி 24, கோனாமணி என்ற உள்ளூர் நெல்லில் தானாகத் தோன்றிய ஒரு மாற்றத்திலிருந்து பிரித்தெடுத்தது. கிச்சிலிச் சம்பா என்று தமிழ்நாடு அறிந்த அரிசி அது. அந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், தஞ்சாவூர்க் கதையில் அது திரும்ப வரும்.

விதை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, சொல்லும் விதமும் வேண்டும் என்பதைத் துறை மெதுவாகக் கற்றது. டெமான்ஸ்ட்ரேட்டர் என்ற செயல்விளக்க அலுவலரும், அவருக்குத் துணையாகக் கைவேலை தெரிந்த மேஸ்திரியும் ஊருக்குப் போனார்கள். மேஸ்திரி தானே கலப்பை பிடித்துக் காட்டக்கூடியவர். குத்துக் குத்தாக நடுவதை விட்டு ஒற்றை நாற்று நடும் முறையை 1910களில் துறை காவிரிப் படுகையில் பரப்பியது இந்த வழியில்தான். விதைநெல் மிச்சம் என்ற ஒரே கணக்கு உழவருக்கு உடனே புரிந்தது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2000க்குப் பிறகு, திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் ஒற்றை நாற்று மீண்டும் அதே படுகைக்குப் புதுப் பாடமாக வந்தது. நடுவில் ஒரு தலைமுறை அதை எப்படி மறந்தது என்பது வேளாண் வரலாற்றாளர் யாராவது விரிவாக எழுத வேண்டிய விஷயம். 1926 முதல் 1928 வரை இந்தியாவைச் சுற்றிய அரச வேளாண்மை ஆணையமும் அரசுப் பண்ணையில் காட்டுவதைவிட உழவரின் சொந்த வயலில் செய்துகாட்டுவதே பலன் தரும் என்றது. சைதாப்பேட்டைக்கு அறுபது ஆண்டுக்குப் பின் கிடைத்த விடை அது.

கால்நடைப் பக்கம் கதை வேறு விதமாக நடந்தது. வெக்கை நோய் ஓர் ஊருக்குள் நுழைந்தால் தொழுவம் தொழுவமாகக் காலியாகும். உழவு மாடு போனால் அடுத்த போகம் இல்லை. ஓலைச்சுவடியில் மாட்டுவாகடங்கள் இருந்தன. வயிற்று உப்புசத்துக்கும் புண்ணுக்கும் அவற்றில் வைத்தியம் உண்டு. வெக்கையின் முன் அவை தோற்றன. 1903 அக்டோபர் 1ஆம் தேதி வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களோடு சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1935இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது, பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் நாட்டின் முதல் கால்நடைக் கல்லூரியாயிற்று. 1932இல் தோன்றிய சீரம் நிலையம் உலகப்போர்க் காலத்தில் ராணிப்பேட்டைக்கு மாறி, அங்கிருந்து மாநிலம் முழுவதற்கும் தடுப்பூசி மருந்து தந்தது.

ஊசி போட மாட்டைப் பிடித்து வரச் செய்வதுதான் பெரும்பாடு. பால் வற்றிவிடும், சினை கலைந்துவிடும் என்ற பயத்தைப் பேசிப் பேசியே கரைக்க வேண்டியிருந்தது. ஊர் ஊராகச் சென்ற கால்நடை ஆய்வாளர்களும் உதவியாளர்களும் மேடைப் பேச்சாளர்களல்லர். கோயில் திடலிலும் ஏரிக்கரையிலும் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள். இந்தியாவில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 1995இல், தமிழ்நாட்டில். 2011இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக இப்படி ஒழிக்கப்பட்ட நோய் இது ஒன்றுதான். அந்த வெற்றியில் பெயர் தெரியாத அந்த உதவியாளர்களின் பங்கைப் பாடநூல்கள் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

அரசுக்கு வெளியிலும் ஒரு பள்ளி நடந்தது. தெற்கே, அன்றைய திருவிதாங்கூரில், மார்த்தாண்டத்தில்.

ஒய்எம்சிஏ இயக்கத்தின் இந்தியத் தலைவர்களில் ஒருவரான கே. டி. பால், நகரத்து இளைஞருக்கான அந்த அமைப்பைக் கிராமங்களுக்குத் திருப்பியவர். அந்த வழியில் 1920களில் மார்த்தாண்டத்துக்கு வந்தவர் டி. ஸ்பென்சர் ஹேட்ச், அமெரிக்கர். வந்தவுடன் பெரிய கட்டடம் எழுப்பவில்லை. சந்தை கூடும் ஊராகப் பார்த்து மையத்தை அமைத்தார், ஏனென்றால் சந்தைக்கு எல்லோரும் எப்படியும் வருவார்கள். மையத்தில் காட்டப்பட்ட எதுவும் ஏழைக் குடும்பம் தன் கையால் செய்துகொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. தானமாக எதையும் கொடுப்பதில்லை என்பது இன்னொரு விதி. உள்ளூர்க் கோழியோடு வெள்ளை லெகார்ன் சேவலைச் சேர்த்து நல்ல முட்டையிடும் கோழிகளை உண்டாக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்கச் சங்கம் வைத்தார்கள். பதநீர் காய்ச்சுகிறவர்களிடம் சுத்தமான கருப்பட்டி எடுக்கும் முறை பேசப்பட்டது.

ஆனால் மார்த்தாண்டத்தின் பெயரை நிலைநாட்டியது தேனீ. தேனெடுப்பது அந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பொந்திலும் பானையிலும் இருந்த கூட்டைக் கலைத்து, அடையைப் பிழிந்து எடுப்பார்கள். புழுவும் முட்டையும் சேர்ந்து பிழியப்படும், கூடும் அழியும். திருச்சிப் பக்கம் நியூட்டன் பாதிரியார் அதற்கு முன்பே உள்ளூர்த் தேனீயின் அளவுக்கு ஏற்ற சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்து ஊர்மக்களுக்குப் பயிற்சி தந்திருந்தார். மார்த்தாண்டத்தில் அந்த அறிவு ஊன்றியது. சட்டம் சட்டமாக எடுக்கக்கூடிய மரப்பெட்டியை ஊர்த் தச்சர்களே செய்தார்கள். அடையைப் பிழியாமல், சுழற்றித் தேன் பிரிக்கும் கருவி பொதுவில் இருந்தது. மார்த்தாண்டம் பெட்டி என்றே ஒரு வடிவம் பெயர்பெற்றது. 1937இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நிலமில்லாத குடும்பமும் வீட்டுக் கொல்லையில் இரண்டு பெட்டி வைக்கலாம் என்பதுதான் இதன் பெரும் சிறப்பு. உழவுக் கல்வியின் வரலாற்றில் நிலமில்லாதவரையும் மாணவராக எண்ணிய இடங்கள் குறைவு, அவற்றில் மார்த்தாண்டம் முதல் வரிசையில் நிற்கிறது.

ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபின் இந்தத் தொழில் புதிய வளம் கண்டது. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இளந்தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் தேடி வரும். ஆண்டின் தொடக்க மாதங்களில் பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாக இடம் மாற்றுவது குமரி மாவட்டத்தார் தாமே கண்டுபிடித்து வளர்த்துக்கொண்ட தொழில்நுட்பம். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும் பகுதியைக் கொன்றது. புழுக்கள் கூட்டுக்குள்ளேயே பை போல வீங்கிச் செத்தன. தொழிலை விட்டவர்கள் பலர். தப்பிய கூட்டங்களைத் தேடிப் பிடித்து மீண்டும் பெருக்கியவர்களால்தான் அது பிழைத்தது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சுதந்திரத்தை ஒட்டி அரசும் ஊருக்குள் வரத் தொடங்கியது. 1946இல் சென்னை மாகாணத்தில் பிர்க்கா வளர்ச்சித் திட்டம், 1952 அக்டோபர் 2ஆம் தேதி நாடு முழுவதும் சமுதாய வளர்ச்சித் திட்டம். கிராம சேவக் என்றழைக்கப்பட்ட ஊழியர் சைக்கிளில் பத்து ஊர் சுற்றினார். விதை, உரம், கழிப்பறை, முதியோர் பள்ளி, கோழிக்குத் தடுப்பூசி எல்லாம் அவர் ஒருவர் தலையில். நல்ல எண்ணத்தின் பாரத்தில் அந்தப் பதவி நசுங்கியது.

1960இல் நாட்டிலேயே ஏழு மாவட்டங்களைத் தேர்ந்து தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கினார்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் துணையுடன் நடந்த அந்தத் திட்டத்தில் தஞ்சாவூர் ஒன்று. ஊரில் அதைப் பாக்கேஜ் திட்டம் என்றார்கள். விதை, உரம், பூச்சிமருந்து, கூட்டுறவுக் கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒருசேரக் கொடுப்பது, ஒவ்வொரு உழவருக்கும் சாகுபடித் திட்டம் ஒன்றைத் தாளில் எழுதித் தருவது என்பது அதன் முறை. மேட்டூர் அணை 1934 முதல் ஜூன் மாதத்தில் தண்ணீர் தரும் நம்பிக்கையை வளர்த்திருந்தது. குறுவையும் அதன் பின் தாளடியும் போட ஆசை எல்லோருக்கும். ஆனால் குறுகிய நாளில் விளைந்து, உரத்துக்கு ஈடுகொடுக்கும் ரகம் கையில் இல்லை. முதல் சில ஆண்டுகள் திட்டம் பெரிய பலன் தராமலேயே நகர்ந்தது.

அந்த ரகம் 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. ஜப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் கலக்கும் ஒரு பன்னாட்டு முயற்சியின் வாரிசு. ஒரு பெற்றோர் நோரின் 10. மற்றது கோவையில் பிறந்த ஜிஇபி 24, அதே கிச்சிலிச் சம்பா. பிள்ளையின் பெயர் ஏடிடி 27. சுமார் 105 நாளில் அறுவடை.

திருச்சி வானொலி நிலையம் 1939 முதல் ஒலிபரப்பி வந்தது. 1960களின் நடுவில் அகில இந்திய வானொலி, வேளாண் பட்டதாரிகளை வைத்துப் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகளை உருவாக்கியது. தீவிர வேளாண்மை நடந்த பகுதிகளுக்கு முன்னுரிமை தந்ததால் திருச்சி தொடக்கத்திலேயே இடம்பெற்றது. அந்த ஒலிபரப்பு செய்த வேலை நுணுக்கமானது. பொதுவாக உழவைப் பற்றிப் பேசவில்லை. இந்த வாரம் நாற்றங்கால், இந்த வாரம் நடவு, இன்றிலிருந்து இத்தனையாம் நாள் மேலுரம் என்று வயலின் நாள்காட்டியோடு ஒட்டி நடந்தது. ஆடுதுறை ஆராய்ச்சியாளர் பேசினார். அடுத்த நாள் அதைப் போட்டுப் பார்த்த பக்கத்து ஊர் மிராசுதாரரோ சிறு விவசாயியோ பேசினார். டீக்கடையிலும் பஞ்சாயத்து ரேடியோவிலும் கேட்டவர்கள் விதைக் கிடங்குக்கு வந்து ஏடிடி 27 என்று கேட்கவில்லை, ரேடியோ நெல் கொடுங்கள் என்றார்கள். ஓரிரு பருவத்தில் தஞ்சையின் குறுவைப் பரப்பில் அது ஓடிப் பரவியது. வானொலி வழி வேளாண்மைக் கல்விக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நிகழ்வு இது. தமிழரின் காதுக்கு அறிவியலைத் தமிழில், பேச்சுத் தமிழுக்கு அருகில் நின்று கொண்டுசென்றதில் அந்த ஒலிபரப்பாளர்களின் பங்கு மிகப் பெரியது.

நெல்லைச் சொல்லிக் கொடுத்தவர்கள் சொல்லாத பாடமும் ஒன்று இருந்தது. குறுவை அறுப்பு விழும் நாளில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஏடிடி 27க்கு விதையுறக்கம் இல்லை, ஈரம் பட்டால் கதிரிலேயே முளைவிட்டது. களத்தில் காயப்போட வெயில் இல்லை, இடமும் இல்லை. விளைச்சல் பெருகிய ஆண்டுகளிலேயே ஈரநெல் குவியல் குவியலாக அவிந்தது. அந்தச் சிக்கலிலிருந்தே 1967இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி தொடங்கியது. பின்னர் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்து இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்திருப்பது அதுதான். உழவரின் தொல்லை ஆராய்ச்சிக்கூடத்தை உருவாக்கிய அரிய நிகழ்வு.

இன்னொரு பாடம் அதைவிடக் கசப்பானது. சாகுபடித் திட்டத் தாள் பட்டாதாரருக்கு எழுதப்பட்டது. கூட்டுறவுக் கடன் நிலம் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது. வாய்மொழிக் குத்தகையில் உழுதவருக்கு ஆவணம் இல்லை, ஆகவே கடனும் இல்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவுசெய்யும் சட்டமே 1969இல்தான் வந்தது. நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்த கூலித் தொழிலாளர்களை எந்த ஒலிபரப்பும் மாணவராகக் கருதவில்லை. இரண்டு போகம் விளைந்தபோது கூலி உயர்வு கேட்டார்கள், நெல்லில் பங்கு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பசுமைப் புரட்சியின் வரலாற்றை எழுதுகிறவர் ஏடிடி 27இன் மகசூலை மட்டும் எழுதிவிட்டு அந்த இரவைத் தாண்டிப்போக முடியாது.

1974இல் பாண்டிச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. மோகன் சிங் மேத்தா குழு வகுத்த அதன் கொள்கை எளியது. பட்டமோ சான்றிதழோ நோக்கமில்லை. படிப்பு தேவையில்லை. செய்துபார்த்துக் கற்க வேண்டும். பள்ளியை விட்ட இளைஞரும் வீட்டுப் பெண்களும் வரலாம். இன்று நாடு முழுவதும் இத்தகைய நிலையங்கள் 700ஐத் தாண்டிவிட்டன. 1980களின் தொடக்கத்தில் உலக வங்கி ஆதரவில் வந்த பயிற்சி மற்றும் பார்வையிடல் முறையோ நேர்மாறானது. இரண்டு வாரத்துக்கொரு முறை குறித்த நாளில் குறித்த வழியில் அலுவலர் வர வேண்டும், குறித்த செய்தியைச் சொல்ல வேண்டும். ஒழுங்கு இருந்தது. ஆனால் கேள்வி மேலிருந்து வந்தது.

பெண்களுக்கான திருப்பம் 1986இல். டென்மார்க் உதவியுடன் தமிழ்நாட்டு வேளாண்மைத் துறை நடத்திய டான்வா திட்டம், வயலில் பாதிக்கு மேல் வேலை செய்பவர் பெண் என்ற உண்மையை ஏற்றது. பெண் வேளாண் அலுவலர்களே கிராமத்தில் தங்கி ஐந்து நாள் பயிற்சி தந்தார்கள். விதைத் தேர்வு, விதை நேர்த்தி, உயிர் உரம், எலி ஒழிப்பு என்று கையால் செய்யும் வேலைகள். கற்றவர் ஊரிலுள்ள மற்றப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. உப்புக் கரைசலில் போட்டு மிதக்கும் சாவி நெல்லை நீக்குவது எளிய வித்தை. அதை நாற்று விடும் பெண்ணுக்கு நேராகக் கற்பிக்க வேளாண்மைத் துறைக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 2003இல் திட்டம் முடிந்தபோது, கற்ற பெண்கள் பல இடங்களில் தங்கள் குழுக்களாகத் தொடர்ந்தார்கள்.

அரசு தந்த பாடத்தை மறுத்தவர்களும் இந்த வரலாற்றைச் சேர்ந்தவர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த கோ. நம்மாழ்வார் 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைபார்த்தார். மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாத உரத்தையும் ரகத்தையும் சோதிப்பதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. வேலையை விட்டார். 2013 டிசம்பரில் இறக்கும்வரை நடைப்பயணமாகவும் பயிற்சி முகாமாகவும் ஊர் ஊராகப் போய் இயற்கை வேளாண்மை கற்பித்தார். அவர் வழியில் வந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். பாரம்பரிய விதை 2 கிலோ வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 170க்கும் மேற்பட்ட ரகங்கள் இப்படி மீண்டும் வயலேறின. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்று நகரத்துக் கடைகளில் கிடைப்பதற்கு இந்த எளிய கணக்கும் ஒரு காரணம்.

கால்நடைப் பக்கமும் இப்படி ஒரு திருப்பம் நடந்தது. 1989இல் சென்னையில் கால்நடை அறிவியலுக்கென்று நாட்டின் முதல் தனிப் பல்கலைக்கழகம் தோன்றியது. மாவட்டங்களில் அதன் பயிற்சி மையங்கள் ஆடு, மாடு, கோழி வளர்ப்போருக்கு வகுப்பு நடத்தின. தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி, மாட்டுக்காரர்களின் கைவைத்தியத்தைக் கேட்டுத் தொகுத்துச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். கறவை மாட்டுக்கு வரும் மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் மருந்து பாலிலும் இறங்கும், அந்தப் பாலை விற்க முடியாது. அவர் வகுத்த முறையில் 250 கிராம் சோற்றுக் கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு சேர்த்து அரைக்க வேண்டும். விழுதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுக்கக் கறந்து மடியைக் கழுவியபின் நாளுக்குப் பல தடவை பூச வேண்டும். கற்றாழை வரப்பில் கிடைக்கும், மற்ற இரண்டும் சமையலறையிலும் வெற்றிலைப் பெட்டியிலும் இருக்கும். தேசியப் பால்வள வாரியம் இந்த முறையை ஏற்றுப் பல மாநிலப் பால் சங்கங்கள் வழியே பரப்பி வருகிறது. குஜராத்திலும் மற்ற மாநிலங்களிலும் உள்ள பால்காரப் பெண்களுக்கு அந்தந்த மொழியில் இதைச் செய்துகாட்டும் படங்கள் போயிருக்கின்றன. தஞ்சைத் தொழுவங்களில் கேட்டு எழுதிய குறிப்புகள் இப்போது அங்கே பாடமாக நடக்கின்றன.